மருதாணி காயும் வரை

எங்கள் படகுத்துறையில் மொழிகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஜெர்மன் ஷாஸ்லியுடையது. தீவில் பழைய கல்லைத் தோண்ட வந்த ஜெர்மன்காரர்களுக்கு மண்கூடை சுமந்த காலத்தில் அவன் சம்பாதித்தது. பிரெஞ்சு இத்ரீஸ் வீட்டாருடையது. இத்தாலியன் என் அத்தை மகன் பக்ரியுடையது. இங்கிலீஷ் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி யார் வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம்.

நைல் ஆற்றின் அஸ்வான் கரையில் எங்கள் ஊர்ப் படகுகள் வரிசைப்படிதான் ஆள் ஏற்றும். ஆனால் வந்தவர்கள் இத்தாலியன் பேசினால், முறை யாருடையதாக இருந்தாலும் அவன் எழுந்து, "பக்ரி, உன் ஆளுங்க" என்று கூப்பிட வேண்டும். அடுத்தவன் மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லலாம். அதற்கு மேல் பேசினால் அவன் வலையில் கைவைத்த மாதிரி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் இதற்காக மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பிகள் எங்கள் ஊரில் உண்டு.

பக்ரி இத்தாலியனைப் பசியில் கற்றவன். பதினேழு வயதில் ஆற்றுக் கப்பல் ஒன்றில் பாத்திரம் தேய்க்கப் போனான். தலைமைச் சமையல்காரன் இத்தாலிக்காரன். அவன் கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்கத் தெரியாத நாளில் சாப்பாடு கிடையாது. பதினோரு வருஷம் அப்படிக் கிடந்துதான் அந்த மொழி வந்தது. திரும்பி வந்து சொந்தப் படகு வாங்கினான். மேற்குக் கரையில் மணல்மேட்டில் நீலமும் மஞ்சளுமாக வீடு கட்டினான். முற்றத்தில் தொட்டி வைத்து, படகில் வரும் வெளிநாட்டார் பார்க்க முதலைக் குட்டி ஒன்றை விட்டான். எதிர்த் தீவிலிருந்து நப்ராவைக் கட்டிக்கொண்டு வந்தான்.

அதற்கு முன்னால் எனக்கும் அவனுக்கும் கல்யாணப் பேச்சு இருந்தது. பெரியவர்கள் பேசியதுதான், வேறொன்றுமில்லை. பிறகு என்னை வேறிடத்தில் கொடுத்தார்கள். என் புருஷன் கெய்ரோவில் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கிறான். இரண்டு பெருநாளுக்கும் வருவான். மற்ற நாட்களில் நான் பக்ரி வீட்டு அடுப்பில் விருந்தாளிகளுக்கு வெயில் ரொட்டி சுடுகிறேன். மாவை மண் தட்டுகளில் வட்டமாக வைத்து, விளிம்பைச் சுற்றி முள்ளால் கீறி, வெயிலில் பொங்க விட வேண்டும். கோடையில் சீக்கிரம் பொங்கிவிடும். பனிக்காலத்தில், வடகாற்று அடிக்கும்போது, தட்டுகளை வெயிலுக்குத் தகுந்தாற்போல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே முற்றத்தில் நடப்பதெல்லாம் என் கண்ணில் படும்.

நப்ராவின் வேலை மருதாணி. முற்றத்து மணலில் பாய் விரித்து, வந்த பெண்ணின் கையைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். கூம்பிலிருந்து இழை இறங்கும். முதலை தொட்டியில் வாலை அடித்தாலும், மணல்காற்று கிளம்பினாலும் அந்த இழை அசையாது. கறுப்புச் சாயம் கலந்து அவசரமாக வரைபவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நப்ரா கலக்க மாட்டாள். அவள் மருதாணி காய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை வந்தவள் இரண்டு கைகளையும் விரித்தபடி பிச்சை கேட்பவள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது. செம்பருத்தி டீயை நான்தான் வாயருகே பிடிப்பேன். வேறு வழியில்லாமல் அவள் பேசத் தொடங்குவாள். நப்ரா கேட்கத் தொடங்குவாள்.

கையில்தான் தொடங்குவாள். விரலைத் தொட்டுப் புருவத்தை உயர்த்துவாள். நகம், மணிக்கட்டு, ரேகை, மச்சம். எந்த மொழியிலும் நன்றி சொல்லத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குச் சுண்டுவிரல் தெரிந்திருக்கும். அப்புறம் உன் அம்மா இருக்கிறாளா, உன் ஊரில் இப்போது மழையா, யாரை நினைத்து இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று போகும். அவர்கள் போனதும் சமையலறைக்கு ஓடி வருவாள்.

"அக்கா, ரஷ்யாக்காரங்க மோதிர விரலை என்னன்னு சொல்றாங்க தெரியுமா? பேரில்லாத விரலாம்."

"மோதிரம் போடற விரலுக்குப் பேரில்லாம எப்படி?"

"அதான் நானும் கேட்டேன். அவளுக்கே தெரியல. போலந்துக்காரி அதே விரலை நெஞ்சோட விரல்ங்கறா. ஜப்பான் பொண்ணுக்குக் கட்டை விரல்தான் பெத்தவங்க விரல். சுண்டுவிரல் குழந்தை."

"அப்போ நடுவுல இருக்கறதெல்லாம் மாமியார் நாத்தனாரா?"

அவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்துவாள். அதன் உள்பக்கத்தில், மீந்த மருதாணியில் குச்சியைத் தோய்த்து, அந்தச் சொல்லை அரபி எழுத்தில் எழுதுவாள். மேலே மொழியின் பெயர், கீழே வரிசையாகச் சொற்கள். பழைய சொற்கள் கறுத்துப் போயிருக்கும், புதியவை சிவப்பாக இருக்கும். சில மாலைகளில் வேலை முடிந்த பிறகு கதவின் முன்னால் நின்று வெறுமனே வாயசைத்துக்கொண்டிருப்பாள். ஒரு பழத்தைப் பல்லில் படாமல் நாக்கில் வைத்துக் கரைப்பது போல இருக்கும் அவள் முகம்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எரியும். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கும் பத்து விரல்தான். பத்தும் மாவு பிசைகின்றன. நாங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு, பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த அரபி, இரண்டோடு என் வாய் நின்றுவிட்டது.

அந்தக் கதவில் இத்தாலியன் மட்டும் இல்லை. அதையும் நான் கவனித்தேன். இத்தாலிக்காரர்கள் வந்தால் நப்ரா வாயைத் திறக்க மாட்டாள். அவர்கள் பக்ரியின் ஆட்கள். அவன்தான் நடுவில் நின்று பேசுவான். மருதாணி போடும்போது ஒவ்வொரு முறையும் ஒரே கதையைச் சொல்வான். மொழி தெரியாவிட்டாலும் அவன் கைகளிலிருந்து எனக்கு மனப்பாடம். முதலில் ஆற்றைக் காட்டுவான். பிறகு எதிர்த் தீவை. பிறகு மூன்று விரல்களைத் தூக்குவான். இரண்டு கைகளாலும் நீந்துவான். கடைசியில் வலது கையை நெஞ்சில் வைத்து நப்ராவைக் காட்டி ஏதோ சொல்வான். வந்தவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சில பெண்களுக்குக் கண் கலங்கும். நப்ரா குனிந்தபடி இருப்பாள்.

"என்னவாம்?" என்று நான் கேட்டால், "இவ மருதாணி கலப்படம் இல்லாததுன்னு சொன்னேன்" என்பான் எங்கள் பேச்சில்.

போன பனிக்காலத்தில் ஷாஸ்லியின் படகில் இரண்டு ஜெர்மன் பெண்கள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் நப்ரா முழங்கை வரை போட்டாள். பக்ரி அப்போது துறையில் இருந்தான். அன்று அந்த முற்றம் முழுக்கச் சிரிப்பு, கிளம்பும்போது அவளைக் கட்டிக்கொண்டு அழுகை. அடுத்த நாள் அந்தப் பெண்கள் துறைக்கு வந்து, ஷாஸ்லியைத் தாண்டிப் போய், நப்ரா வீட்டுப் படகு எது என்று கேட்டு ஏறிவிட்டார்கள். பக்ரிக்கு ஒன்றும் புரியவில்லை, ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் காலை ஷாஸ்லி வீட்டுக்கே வந்தான். நான் மாவு வட்டங்களைக் கீறிக்கொண்டிருந்தேன். நப்ரா மருதாணி இலை வாங்க மேட்டுத் தெருவுக்குப் போயிருந்தாள்.

"என்ன பக்ரி, என் ஜெர்மன் உன் முற்றத்துல மேயுதாமே?" என்றான் ஷாஸ்லி, உட்காராமல்.

"உக்காரு ரயிஸ். டீ குடி. என்ன உளர்றே?" படகுக்காரர்களை நாங்கள் ரயிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

"நான் உளறல. உன் வீட்டுக்காரி உளர்றா. அதுவும் சுத்தமா உளர்றா. இருபது வருஷமா நான் பேசற ஜெர்மனுக்கு அவளுங்க ஒருத்திகூட அப்படிச் சிரிச்சதில்ல."

"எல்லாப் பொம்பளையும் நாலு வார்த்தை பேசத்தான் செய்வா. மருதாணி போடறவளுக்கு நாலு வார்த்தை வேண்டாமா?"

"நாலு வார்த்தையிலயா ரெண்டு பேரும் அழுது கட்டிப்பிடிச்சாங்க? இங்க பாரு. நீ சொல்லிக்கொடுத்தியா, அவளா திருடினாளா, எனக்குத் தெரியாது. துறையில சொல்றாங்க, பக்ரி இத்தாலியன் போதாம வீட்டுல பொண்டாட்டியை வெச்சு எல்லார் மொழியிலயும் வலை போடறான்னு. இனிமே எங்க ஆளுங்க யாரையும் இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டோம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பக்ரி சிரித்தான். அவனுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. "நப்ராவா? அவளுக்கு என்ன தெரியும்? என் இத்தாலியனே அவளுக்குத் தெரியாது. நான்தான் எல்லாத்தையும் மாத்திச் சொல்றேன்."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கையில் முள்ளும் முன்னால் மாவும் இருந்தன. ஆனால் அவன் அவளைப் பற்றிச் சொன்ன விதம், ஒன்றும் தெரியாத குழந்தையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது போல இருந்தது. என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கணத்தில் எனக்கு அவள் மேல் எரிச்சலா அவன் மேல் எரிச்சலா என்று இன்றும் பிரிக்க முடியவில்லை.

"நாலு வார்த்தை இல்ல பக்ரி," என்றேன். "சமையல்கட்டுக் கதவைச் சாத்திப் பாரு."

அவன் அந்தச் சமையலறைக்குள் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். கதவைச் சாத்தினான். உள்ளே வெளிச்சம் குறைந்தது. கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெயிலில் கதவு முழுக்கச் சொற்கள். நான் அவன் பின்னாலேயே உள்ளே வந்து நின்றிருந்தேன். அவன் ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்துக்கொண்டு போனான். ஜெர்மன். பிரெஞ்சு. இங்கிலீஷ். ஸ்பானிஷ். ரஷ்யன். ஜப்பான். போலந்து. கடைசி வரிசைக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து தேடினான். கதவின் விளிம்பைக்கூடப் பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தபோது, நான் செய்தது என்ன என்பதும் புரிந்தது.

நப்ரா இலைக்கட்டோடு வந்தபோது ஷாஸ்லி போயிருந்தான்.

"ஏழு இருக்கு," என்றான் பக்ரி.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனை. "ஆமா."

"எப்பத்திலேருந்து?"

"ஏழெட்டு வருஷமா."

"எதுக்கு?"

"கை காயற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணுமே."

"அதைக் கேக்கல. எனக்கு இத்தாலியன் சோறு போட்டுச்சு. தெரியாத நாள்ல வயிறு காஞ்சுது, தெரிஞ்ச நாள்ல நிறைஞ்சுது. அதனால கத்துக்கிட்டேன். உனக்கு இதெல்லாம் என்ன போட்டுச்சு?"

"ஒண்ணும் போடல." அவள் கட்டைக் கீழே வைத்தாள். "நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சு," என்று அவன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "வழியில போறவ வர்றவகிட்டல்லாம் கேட்டிருக்கே. ஷாஸ்லியோடது வேணும், இத்ரீஸோடது வேணும். கடல் தாண்டி இருக்கறவன் விரலுக்கு என்ன பேருன்னு தெரியணும். கட்டின புருஷன் பேச்சு மட்டும் வேண்டாம். பதினாலு வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருக்கியா?"

அவளுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"மருதாணி போடு, வேண்டாங்கல. ஆனா வாயைத் திறக்காதே. துறையில எனக்கு முகம் வேணும்."

அடுத்த நாள் வீட்டுக்கு அடித்து மீந்திருந்த நீலப் பெயிண்டை எடுத்து வந்து அந்தக் கதவின் உள்பக்கம் முழுக்க அடித்தான். ஒரு பூச்சில் மருதாணி மறையவில்லை. கறுத்த சொற்கள் நீலத்துக்குள்ளிருந்து எழும்பி வந்தன. இரண்டாவது பூச்சும் அடித்தான். நப்ரா அந்த நேரம் முழுக்க முதலைத் தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. வெளிநாட்டாரிடம் மட்டுமல்ல, யாரிடமும். சோறு வைப்பாள், வெண்டைக்காயும் ஆட்டுக்கறியும் எப்போதும் போல ருசியாக இருக்கும், எதிரே உட்கார்ந்து அவளும் சாப்பிடுவாள். கேட்டால் தலையசைப்பாள். கோபம் போலவும் இல்லை. ஒரு வீட்டை விட்டு வெளியே போய் நின்றுகொண்டு, சாளரம் வழியாக அதே வீட்டைப் பார்ப்பவள் போல இருந்தாள். சிரிப்பு இல்லாத முற்றத்துக்கு வந்த விருந்தாளிகள் மருதாணி காயுமுன்னே எழுந்து, கையைக் கெடுத்துக்கொண்டு போனார்கள். துறையில் ஷாஸ்லிக்குத் திருப்தி. என் ரொட்டி அந்த நாட்களில் சரியாகப் பொங்கவில்லை. வடகாற்று என்று சொல்லிக்கொண்டேன்.

பத்துப் பதினோரு நாள் ஆனபின் ஒரு மத்தியானம் பக்ரி என் அடுப்பு அருகே வந்து குந்தினான்.

"என்கிட்டயும் பேசறதில்ல."

"நீதானே வாயைத் திறக்காதேன்னே."

"வெளி ஆளுங்ககிட்டன்னு சொன்னேன்."

"வாய் ஒண்ணுதானே இருக்கு பக்ரி."

அவன் மணலில் விரலால் கோடு போட்டான். "நேத்து ஒரு ஸ்பெயின்காரி வந்தா. நப்ரா கையைப் பிடிச்சா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. ஆனா அவ பார்த்த பார்வை இருக்கே, இவளை அவளுக்கு நல்லாத் தெரியும்போல. என்னைவிடத் தெரியும்போல. எனக்கு அந்தப் பொம்பளையை ஆத்துல தள்ளலாமான்னு இருந்துச்சு. அம்பது வயசுப் பொம்பளை அது. எனக்கு என்ன ஆச்சு, ஜவாஹிர்?"

எனக்குத் தெரியும். அந்த நோயோடு நான் அவனுக்கு முன்பிருந்தே குடும்பம் நடத்துகிறேன். அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினேன்.

ஜனவரி நடுவில் லொரெதானா வந்தாள். வருஷா வருஷம் வருகிறவள். வடக்கு இத்தாலியில் மருந்துக்கடை வைத்திருந்து, விற்றுவிட்டவள். உயரம், நரைத்த குட்டை முடி, சத்தமான குரல். துறையில் இறங்கிய உடனே பக்ரியின் இரண்டு கன்னத்தையும் தட்டுவாள். அவனால் மறுக்க முடியாத ஒரே ஆள். அவளுக்காக நான் காலையிலேயே பதினாறு ரொட்டி தட்டினேன். நப்ரா புது மருதாணி குழைத்தாள்.

வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்திருந்தது. நப்ரா இடது கையை முடித்து வலது கைக்கு வந்துவிட்டாள். லொரெதானா நப்ராவின் முகத்தையும் பக்ரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்ரியிடம் ஏதோ கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. அவன் சிரித்து மழுப்பினான். அவள் மறுபடி கேட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை.

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். கதை சொல்லும்போது நிற்பதுதான் அவன் வழக்கம். ஆற்றைக் காட்டவில்லை. விரல் எதையும் தூக்கவில்லை. இரண்டு கைகளும் முழங்காலில் கிடந்தன. தரையைப் பார்த்துப் பேசினான். வழக்கமாக அவன் இத்தாலியன் துடுப்புப் போடுவது போல ஒரே அளவில் போகும். அன்று தடுக்கித் தடுக்கி வந்தது. நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றான். கையால் கதவு சாத்துவது போலக் காட்டினான், பிறகு பெயிண்ட் அடிப்பது போல. அப்போதுதான் அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பேச்சு நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் தன் வாயைத் தொட்டான். பிறகு கையை விரித்துக் காட்டினான், உள்ளே ஒன்றுமில்லை என்பது போல.

நப்ராவின் கூம்பு மோதிர விரலில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இழை நகத்துக்கு முன்னால் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நடுங்கி, விரலைத் தாண்டி, லொரெதானாவின் உள்ளங்கையில் கோணலாக இழுத்துக்கொண்டு போய் நின்றது.

முதலை வாலடித்தபோது அசையாத கை அது.

லொரெதானா கையைப் பார்த்தாள். பக்ரியும் பார்த்தான். அவன் பேச்சு பாதியில் நின்றது. அந்தக் கோணல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றில் ஒரு மோட்டார் படகு போகும் சத்தம் வந்து, தேய்ந்து, இல்லாமல் போனது. நப்ரா துணியின் நுனியால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். கறை போகவில்லை. நிமிரவில்லை. அவள் காது மடல் கறுத்துச் சிவந்திருந்தது.

பக்ரி எழுந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாதவன் பழகிய வேலைக்குத் திரும்புவது போல, வழக்கமான கதையைத் தொடங்கினான். ஆற்றைக் காட்டினான். தீவைக் காட்டினான். குரல் உடைந்து உடைந்து வந்தது. மூன்று விரலைத் தூக்கினான்.

நப்ரா குனிந்தபடியே ஏதோ சொன்னாள். அவன் மொழியில் சொன்னாள். சின்ன வாக்கியம். தெளிவாக, நிதானமாக.

லொரெதானா வாயைப் பிளந்தாள். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரித்தாள், இரண்டு கைகளையும் மருதாணி கெடாமல் தூக்கிப் பிடித்தபடி, கண்ணிலிருந்து நீர் வழிய வழிய. துடைக்க முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் போய் என் தலைத்துணியின் நுனியால் துடைத்துவிட்டேன். பக்ரியின் மூன்று விரல்களும் இன்னும் மேலேயே இருந்தன. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு இரண்டை மெதுவாக மடக்கினான்.

மாலையில், விருந்தாளியைப் படகேற்ற அவன் போனபின், நானும் நப்ராவும் மாவுப் பாத்திரங்களை மணல் போட்டுத் தேய்த்தோம். பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நான் கேட்டேன்.

"என்ன சொன்னே?"

"நீந்தினது ஒரு தடவைதான், மத்த ரெண்டு தடவையும் படகுலதான் வந்தார்னு சொன்னேன்." பதினைந்து நாளுக்குப் பிறகு கேட்ட அவள் குரல் கொஞ்சம் கரகரத்தது. "என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்போ எங்க அப்பா ஒரு நாள் படகைத் தீவுல கட்ட விடல. அதுக்காக ஒரு தடவை நீந்தி வந்தார். கரையில ஏறும்போது சட்டை போயிடுச்சு. அதைச் சொல்லவே மாட்டார்."

"அப்போ இத்தாலியன்?"

"அதுதான்க்கா முதல்ல."

"யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"அவர்கிட்டதான். வேற யாரு?" பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "வந்த புதுசுல, அவர் பேசுவார், அவளுங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாளுங்க. என்னைப் பத்தி என்ன சொல்றார்னு வயிறு எரியும். கேலி பண்றாரோன்னு. அழகழகா இருந்தாளுங்க வேற. தெரிஞ்சே ஆகணும்னு காதைத் தீட்டி வெச்சுக்கிட்டேன். ஒவ்வொரு வார்த்தையா. ஒன்றரை வருஷம் ஆச்சு அந்தக் கதை முழுசும் புரிய. புரிஞ்ச அன்னைக்கு இந்த அடுப்புக்குப் பின்னால உக்காந்து அழுதேன்."

"என்னதான் சொல்லுவான்?"

அவள் அடுத்த பாத்திரத்தை இழுத்துக்கொண்டாள். "நல்லாத்தான் சொல்லுவார்," என்றாள். "அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். ஒரு மொழிக்குள்ள இவ்வளவு இருந்தா, அடுத்ததுல என்ன இருக்குமோன்னு ஆசை வந்துடுச்சு. பொறாமையிலதான் ஆரம்பிச்சேன். அப்புறம் பொறாமை போயிடுச்சு, ஆசை மட்டும் நின்னுடுச்சு."

"தெரியும்னு சொல்லியிருக்கலாமே. கதவைப் பார்த்தப்பவாவது."

"சொன்னா நிறுத்திடுவாரே. நம்ம பேச்சுல அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லக்கா. சொல்லவும் வராது. ஆனா மெய்யாவே சொல்றாரா, வந்தவங்க சந்தோஷத்துக்குச் சொல்றாரான்னு எனக்குத் தெரியல. எப்பவும் அதே வார்த்தை, அதே இடத்துல மூச்சு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு வார்த்தை வேற." மணலைத் தட்டி எழுந்தாள். "'என்கிட்ட அவ ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும், என்கிட்ட இருக்கற மொத்தத்தையும் கொட்டியிருப்பேன்'னு சொன்னார். வீட்டுல சத்தமே இல்ல, ஆத்துக்குப் போனாலும் அந்த மௌனம் கூடவே வருதுன்னார். மௌனத்துக்கு அவருக்கு இத்தாலியன்ல வார்த்தை கிடைக்கல. நான் சொல்லிக்கொடுக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

நான் என் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. "கதவைக் காட்டிக்கொடுத்தது நான்," என்றேன்.

"தெரியும்." அவள் குரலில் ஒன்றுமில்லை. மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "எதுக்குன்னும் தெரியும்க்கா."

துறையில் பக்ரி ஷாஸ்லியிடம் என்ன பேசினானோ தெரியாது. இரண்டு நாள் கழித்து ஷாஸ்லியே இரண்டு ஜெர்மன்காரிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் நின்று, "என்னால முடியல. இவளுங்க ஏதோ சாவு வீட்டைப் பத்திப் பேசறாளுங்க, எனக்குக் கல்லும் மண்ணும்தான் தெரியும். நப்ராவைக் கேக்கச் சொல்லு பக்ரி, என்னன்னு," என்றான். அவள் கேட்டாள். பேசினாள். ஷாஸ்லி டீ குடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காதது போல, அவள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தான். சமையலறைக் கதவு நீலமாகவே இருந்தது. அவள் புதிதாக எதையும் அதில் எழுதவில்லை. பழையவை மட்டும் இரண்டு பூச்சுக்கும் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பக்ரியின் படகில் ஐந்து இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். நப்ரா ஒரு பெண்ணின் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர்களில் ஒருவன், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருப்பான் போல, ஆற்றைக் காட்டி நீந்துவது போலக் கையசைத்துப் பக்ரியிடம் கேட்டான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

பக்ரி எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். இருபத்தைந்து வருஷம் அந்த மொழியில் பிழைத்தவனுக்கு முதல் சொல் வரவில்லை. நப்ராவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. ஆனால் கூம்பு நின்றிருந்தது. இழை விரலின் பாதியில், ஈரத்தோடு, அடுத்த வளைவுக்குக் காத்திருந்தது.

அவன் ஒரு விரலைத் தூக்கினான். பிறகு பேசத் தொடங்கினான். ஒவ்வொரு சொல்லையும் ஆற்றில் கால் வைக்கும் இடத்தைத் தேடுவது போலத் தேடித் தேடி.

ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. நான் திரும்பி அடுப்பின் வாயை மூடினேன். உள்ளே ரொட்டி இருந்தது, வேகட்டும் என்று. மூடிய பிறகும் அங்கேயே, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டு நின்றேன்.